ஒலாங்கோ என்றதும் ஓய்ந்த அழுகை

நேற்று மாலை குழந்தை அழுகையை நிறுத்தியது. அந்த நிமிஷத்திலிருந்து அடோயோவுக்குத் தூக்கம் போயிற்று.

நாலு மாதக் குழந்தை. ஓரகத்தி அபோண்டியின் தலைச்சன். பிறந்த நாள் முதலாக ராத்திரிக்கு ஐந்து தடவை, ஆறு தடவை எழுந்து, தகரக் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி அலறுகிறான். ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள், காதைப் பார்த்தார்கள், வயிற்றைத் தட்டிப் பார்த்தார்கள். "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் தூக்கம் வேணும்" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். ஏரிக்கரை ஜனங்களுக்கு அப்புறம் என்ன தோன்றும்? குடும்பத்தில் செத்துப்போன யாரோ பெயர் கேட்கிறார். அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும்வரை ஒருவரையும் தூங்க விடமாட்டார்.

அதற்காகத்தான் ரிஸ்பா அத்தையை வரவழைத்தார்கள். காலமான மாமனாரின் தங்கை. போய்ச் சேர்ந்தவர்கள் பெயரெல்லாம் அவளுக்கு நாக்கு நுனியில். நேற்று மாலை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். நியாங்வேசோ என்றாள், அலறல். ஒபாட் என்றாள், அலறல். படகு கவிழ்ந்து போன ஒகும்பாவின் பெயருக்குப் பிள்ளை நீலம் பாரித்துவிட்டான். அத்தை மூச்சை இழுத்து விட்டு, "ஒலாங்கோ" என்றாள்.

குழாயை மூடின மாதிரி அழுகை நின்றது.

ஒலாங்கோ அடோயோவின் புருஷன். ஆறு வருஷத்துக்கு முன்னால் உகாண்டாப் பக்கத்துத் தீவொன்றுக்கு மீன் பிடிக்கப் போனவன். முதல் வருஷம் போன் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. செத்தான் என்று யாரும் சொன்னதில்லை. இறந்தவர்கள் வரிசையில் அவன் பெயரைச் சொன்னதே தப்பு. அதைக் கேட்டுப் பிள்ளை வாயை மூடினால் என்ன அர்த்தம்? அவன் உயிரோடு இல்லை என்றுதானே அர்த்தம்!

"ஒரு தடவை நின்னா போதாது" என்று அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். "நாளைக்கு உச்சிப்பொழுதுல ஒரு தரம், வெயில் சாயறப்ப ஒரு தரம். மூணுல ரெண்டு தடவை நின்னா, அதான் பேரு."

ஆக, தான் பெண்டாட்டியா கைம்பெண்ணா என்பது இன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் தெரிந்துவிடும். அதைச் சொல்லப்போவது ஒரு நாலு மாதப் பொடிப்பயல். இதென்ன கூத்து என்று அடோயோவுக்கு எரிச்சல் வந்தது.

எரிச்சலோடுதான் விடியற்காலையில் மாவு பிசைந்தாள். படகுத்துறையில் மண்டாசி என்கிற இனிப்புப் பணியாரம் பொரித்து விற்பது அவள் பிழைப்பு. சர்க்கரை டப்பாவை எடுத்தவள் ஒரு கணம் நின்றாள். டப்பாவின் வாயில் துணியைப் போட்டு அதன்மேல்தான் மூடியை அழுத்துவாள், இல்லாவிட்டால் எறும்பு விடாது. இன்றைக்கு மூடி மட்டும் இருந்தது. துணி பக்கத்தில் கிடந்தது. 'புத்தி கெட்டுப்போச்சு எனக்கு' என்று தன்னையே திட்டிக்கொண்டு சர்க்கரையை அள்ளினாள்.

பிறகு வழக்கம்போல ஓரகத்தி வீட்டுக்குப் போனாள். ஒரே வளவுக்குள் எதிரெதிர் வீடு. தினமும் முதல் கோழி கூவியதும் குழந்தையைத் தூக்கி வந்து முதுகில் கட்டிக்கொள்வாள். அவன் அவள் முதுகில் தூங்க, அபோண்டி இரண்டு மணி நேரமாவது கண்ணயர்வாள். நாலு மாதமாக இதுதான் நடக்கிறது.

இன்றைக்கு அபோண்டி படுக்கவில்லை. கண் இரண்டும் சிவந்து, வாசலில் உட்கார்ந்து பிள்ளைத் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

"தூங்கலியா?"

"எங்க தூங்கறது? பேர் கெடச்சாச்சு, இனி தூங்குவான்னு பாத்தா, ராத்திரி ஏழு தடவை எழுந்தான். நேத்தவிட ஒண்ணு கூட."

அடோயோவுக்குச் சுருக்கென்றது. உண்மையான பெயர் கிடைத்திருந்தால் பிள்ளை தூங்கியிருக்க வேண்டாமா?

அப்போதுதான் வேலியோரம் கிடந்த போர்வையைப் பார்த்தாள். நேற்று மாலை குழந்தையைச் சுற்றியிருந்த மஞ்சள் போர்வை. அதன் ஒரு முனையில் எறும்பு மொய்த்திருந்தது. பாலுக்கும் எறும்பு வரும்தான், ஆனால் இத்தனை வருமா? எறும்பைத் தட்டிவிட்டு அந்த முனையை நாக்கில் வைத்துப் பார்த்தாள். தித்தித்தது.

"அபோண்டி, நேத்து பிள்ளை வாய்ல என்னடி வெச்சே?"

"என்ன வெப்பேன், பாலுதான்."

"பால் இப்படித் தித்திக்குமா? நக்கிப் பாரு."

அபோண்டி நக்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஆனால் அடோயோ எதிர்பார்த்த மாதிரி மாறவில்லை.

"அக்கா, எங்க வீட்ல சனிக்கிழமைலேர்ந்து சர்க்கரை கிடையாது. உங்க கொழுந்தன் வெறும் டீயக் குடிச்சிட்டு மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போறாரு. இந்த வளவுல சர்க்கரை இருக்கற வீடு ஒண்ணே ஒண்ணுதான்."

"என்னையா சொல்றே?"

"நான் யாரையும் சொல்லல."

"சொல்லிட்டு, சொல்லலங்கறியா? என் புருஷன நானே சாகடிப்பேனா? எனக்கு என்ன லாபம்?"

அபோண்டி சோப்பு நுரைக் கையை உதறிக்கொண்டு எழுந்தாள். "உங்க புருஷன் செத்தா உங்க வாசல்ல வந்து யாரு நிக்கணும்? அவரு தம்பி. என் புருஷன். அண்ணன் செத்தா அண்ணியத் தம்பி சேத்துக்கணும்ங்கற வழக்கம் எனக்குத் தெரியாதாக்கும்? நாலு மாசமா பிள்ளையத் தூக்கிட்டுப் போறீங்க. அடுத்து என்னத்தத் தூக்கப் போறீங்களோன்னு நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

அடோயோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பில் கோபமும் கலந்திருந்தது.

"ஒடேராவையா? மூக்கச் சிந்தத் தெரியாத வயசுலேர்ந்து அவனப் பாக்கறேன்டி. அவன் குறட்டையும் அவன் கால் நாத்தமும் உனக்கே இருக்கட்டும். எனக்கு வேணாம்!"

அடோயோ விடவில்லை.

"நீ சொன்னியே, இப்ப நான் கேக்கறேன். அண்ணன்காரன் தனி வளவு போடாம தம்பி போட முடியாது. ஆறு வருஷமா உன் புருஷன் அதுக்குத்தான் காத்துக் கிடக்கான். போன மாசம் யூக்கலிப்டஸ் கம்பு வெட்டி வீட்டுக்குப் பின்னால அடுக்கினானே, எதுக்கு? அண்ணன் செத்தாத்தானே அந்தக் கம்பு வீடா நிக்கும்?"

"அது அவரு ஆசை. என் ஆசையக் கேட்டீங்களா?" அபோண்டியின் குரல் உடைந்தது. "இந்தப் பயல வெச்சிக்கிட்டு தனியாப் போனா விடியக்காலைல யாரு தூக்குவா? நீங்க எதிர்வீட்ல இருக்கீங்கங்கற தைரியத்துலதான் ராத்திரிய ஓட்டறேன். நீங்க இல்லன்னா நான் எப்பவோ ஏரில குதிச்சிருப்பேன்."

அது பொய்யில்லை என்று அடோயோவுக்குத் தெரிந்தது. மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் அபோண்டி குழந்தையைத் தரையில் விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்ததை அவள்தானே பார்த்தாள்.

"சரி, கேளு. மத்தியானம் பிள்ளை என் மடியில இருக்கட்டும். எல்லாரும் கை கழுவணும், உன் புருஷன், அத்தை, நான், நீ, எல்லாரும். அப்புறம் பாப்போம்."

"பாப்போம்" என்றாள் அபோண்டி. நம்பியும் நம்பாமலும் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கி வந்து நீட்டினாள்.

உச்சிப்பொழுதுக்கு ஒடேரா வந்தான். படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன், கை முழங்கை வரை கறுப்பு. அவன் முன்னால் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள் அடோயோ.

"கை கழுவுங்க, தம்பி."

"நான் பிள்ளையத் தொடப் போறதில்லையே, அண்ணி?"

"தொடாட்டியும் கழுவுங்க."

ரிஸ்பா அத்தையின் கையில் இரண்டு தடவை ஊற்றினாள். "என்னடி இது, நான் மீன் அரிஞ்சிட்டா வந்திருக்கேன்?" என்றாள் அத்தை. சொன்னாளே தவிர, விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள். அடோயோவின் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

பெயர்கள் வரிசையாக வந்தன. குழந்தை அடோயோவின் மடியில் முதுகை வளைத்து வளைத்துக் கத்தினான். நியாங்வேசோ. ஒபாட். ஒகும்பா. "ஒலாங்கோ" என்றாள் அத்தை. கத்தல் நிற்கவில்லை. "ஒலாங்கோ" என்றாள் மறுபடி. பயல் இன்னும் ஒரு படி மேலே போனான்.

அப்பாடா! ஆறு வருஷமாக அழுத்தியிருந்த பாரத்தை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது அடோயோவுக்கு. அவன் இருக்கிறான், எங்கேயோ இருக்கிறான்.

ஒடேரா உட்கார்ந்திருந்த முக்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். "ஒரு நாளைக்கு ஆமாங்கறான், ஒரு நாளைக்கு இல்லங்கறான். எத்தன வருஷந்தான் இப்படியே இருக்கறது?" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டுத் துறைப் பக்கம் நடந்தான்.

அபோண்டியும் அடோயோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவன்தான். அண்ணன் சாகவில்லை என்றதும் முகம் தொங்கிப்போனதே, இதற்குமேல் சாட்சி வேண்டுமா! ஆனால் நேற்று அவன் குழந்தைக்குப் பக்கத்தில்கூட வரவில்லையே? அப்படியானால் அவனுக்காகச் சர்க்கரை வைத்தது யார்?

குழந்தையை முதுகில் கட்டித் தட்டித் தூங்க வைத்து அபோண்டியிடம் கொடுத்துவிட்டு அடோயோ தன் வீட்டுக்கு வந்தாள். வந்த நாள் முதலாக ரிஸ்பா அத்தைக்கு அங்கேதான் படுக்கை. அத்தை பாயில் ஒருக்களித்துக் கண்ணை மூடியிருந்தாள். அவள் இடுப்புத் துணியின் முனையில் ஒரு சின்ன முடிச்சு. கிழவிகள் முடிச்சில் பொடி வைப்பார்கள், மாத்திரை வைப்பார்கள், அதிலொன்றும் அதிசயமில்லை. ஆனால் அந்த முடிச்சை நோக்கி ஒரு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது.

துணியில்லாத டப்பா அப்போதுதான் அடோயோவுக்கு உறைத்தது.

குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். சர்க்கரை.

அத்தை கண்ணைத் திறந்தாள். பதறவில்லை. எழுந்து உட்கார்ந்து துணியைச் சரி செய்துகொண்டாள்.

"பாத்துட்டியா? நல்லது. எனக்கும் பாரம் தாங்கல."

"ஒடேரா என்ன சொன்னான், அத்தை? கம்பு நடறதுக்கு அண்ணனப் பொதைச்சிடுன்னானா?"

"அந்தப் பயலுக்கு ஒண்ணும் தெரியாது. அவன இழுக்காத."

"அப்ப எதுக்கு? என் வீட்ல படுத்து, என் சோத்தத் தின்னு, என் சர்க்கரையையே எடுத்து என் தாலிய…" அந்த ஊரில் தாலி ஏது? இது கதை சொல்கிறவருக்கு வந்த வாய்ப்பழக்கம், மன்னிக்கவும். அவள் சொன்னது இதுதான்: "என் புருஷனக் கொல்லப் பாத்தீங்களே!"

அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"மார்ச் மாசம் அவன் எனக்கு போன் பண்ணான்."

"யாரு?"

"உன் புருஷன்."

அடோயோ பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நல்லாத்தான் இருக்கான். அங்க ஒருத்தி இருக்கா. ரெண்டு பசங்க. பெரியவனுக்கு நாலு வயசு. 'வாடா, வந்து அடோயோ மூஞ்சியப் பாத்துச் சொல்லு'ன்னேன். 'அத்தை, நான் செத்துட்டேன்னு சொல்லிடுங்க'ன்னு போன வெச்சிட்டான். அடப்பாவின்னு நானும் ரெண்டு மாசம் யோசிச்சேன். அப்புறம், சரிடா, நீ கேட்டதையே தர்றேன்னு முடிவு பண்ணிட்டேன்."

வெளியே யாரோ வலையில் காய்ந்த பொடி மீனைச் சரசரவென்று அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, அத்தை."

"சொன்னா நீ யாரு? புருஷன் வேணாம்னு விட்டுட்டுப் போனவ. துறையில மண்டாசி வாங்கறவ ஒவ்வொருத்தியும் கண்ணால சிரிப்பா. செத்தவன் பொண்டாட்டின்னா ஊரே வந்து உன்கூட உக்காந்து அழும். இந்த வீடும் நிலமும் உன்னுது, ஒருத்தன் கேக்க முடியாது. நாளைக்கு அவன் அந்தப் பசங்களக் கூட்டிட்டு வந்து 'இது என் வீடு'ன்னு நிக்கவும் முடியாது. ஊர் கூடி அழுது முடிச்சவன் எப்படித் திரும்பி வருவான்?"

"ஒடேரா வந்து வாசல்ல நின்னா?"

"வேணாம்னு சொல்லு. இப்பல்லாம் எத்தன பேர் சொல்றாங்க. ஆனா அதச் சொல்றதுக்கும் நீ கைம்பெண்ணா இருக்கணும். இப்ப நீ அதுவும் இல்ல, இதுவும் இல்ல."

அடோயோ கேட்டாள்: "உசிரோட இருக்கறவன் பேர வெச்சா பிள்ளைக்கு ஆகுமா?"

அத்தையின் முகம் வாடிவிட்டது. "அதான் எனக்கும் பயம். நேத்து ராத்திரி அவன் ஏழு தடவை அழுதது என் காதுலயும் விழுந்துது. வேற யாரோ கேக்கறாங்க, நான் வாய அடைச்சிட்டேன். மத்தியானம் நீ தண்ணி ஊத்தினப்பவே மனசு விட்டுப்போச்சு. சாயங்காலம் நான் அவன் பேரச் சொல்லமாட்டேன். என் பாவம் நேத்தோட சரி. இனி உன் இஷ்டம், தாயி."

முடிச்சிலிருந்த சர்க்கரையை மேஜைமேல் தட்டிவிட்டு அத்தை வெளியே போனாள்.

கதவுக்குப் பின்னால் அவனுடைய ரப்பர் பூட்ஸ் இருந்தது. மாதா மாதம் அதிலிருந்து சிலந்தியைத் தட்டித் துடைத்து வைப்பவள் அடோயோ. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோவிலில் தண்ணீர்மேல் போனவர்களுக்காக எழுந்து நின்று ஜெபித்தவள் அவள். நான் எழுந்து நின்ற நேரமெல்லாம் அவன் யாருக்குத் தொட்டில் ஆட்டினான்? பெரியவனுக்கு நாலு வயசாம். கணக்குப் போடக்கூட வேண்டியதில்லை. அவமானமும் ஆத்திரமும் பொங்கின. அழுகை மட்டும் வரவில்லை. மத்தியானம் 'அவன் இருக்கிறான்' என்று சந்தோஷப்பட்டதை நினைத்தபோதுதான் நெஞ்சே வெடித்துவிடும் போலிருந்தது.

பூட்ஸைத் தூக்கி வெளியே வைத்தாள்.

வெயில் சாயும்போது எல்லாரும் அபோண்டி வீட்டு வாசலில் கூடினார்கள். அடோயோ தானாகவே கையைக் கழுவிக் காட்டினாள். பிறகு அந்த ஈரக் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டாள். அவள் துடைத்த இடத்தை யாரும் கவனிக்கவில்லை.

குழந்தையை வாங்கி மடியில் போட்டாள். தூக்கம் கெட்ட எரிச்சலில் அவன் எடுத்ததுமே வீறிட்டான். அத்தை பெயர்களைச் சொன்னாள். குரலில் தெம்பே இல்லை. நியாங்வேசோ, ஒபாட், ஒகும்பா. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அவ்வளவுதானா, அத்தை?" என்றான் ஒடேரா. "அண்ணன் பேரு?"

அத்தை ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடோயோ குனிந்தாள். சிறுவிரலைக் குழந்தையின் உதட்டில் வைத்தாள்.

"ஒலாங்கோ" என்றாள்.

அழுகை ஓய்ந்தது. குழந்தை அவள் விரலைச் சப்பிக்கொண்டே அவளை உற்றுப் பார்த்தான்.

முதலில் அழுதது ஒடேராதான். கம்பு வெட்டி அடுக்கி வைத்தவன், முக்காலியைத் தள்ளிவிட்டுப் போனவன், "அண்ணா, என்னைத் தனியா விட்டுட்டியே!" என்று மண்ணில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு கதறினான். அவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று அடோயோவுக்கு வெட்கமாக இருந்தது. ஊருக்காக ஒரு ஓலம் எடுக்க வேண்டுமென்று அவள் முன்கூட்டியே நினைத்து வைத்திருந்தாள். வாயைத் திறந்ததும் வந்தது வேறு. ஆறு வருஷமும் சேர்ந்து வந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. அக்கம்பக்கத்து வளவுகளிலிருந்து பெண்கள் தலையில் கை வைத்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

அந்தச் சந்தடியில் அபோண்டி குழந்தையை அடோயோ மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். அவன் உதட்டைச் சப்புக் கொட்டினான். அவள் விரலால் அவன் வாயோரத்தைத் துடைத்தாள். ஏதோ தோன்றி, அந்த விரலைத் தன் நாக்கில் வைத்தாள்.

அழுதுகொண்டிருந்த அடோயோ அதைப் பார்த்துவிட்டாள். அபோண்டி மெதுவாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு மண்ணில் கிடந்த தன் புருஷனைப் பார்த்தாள். மறுபடி அடோயோவைப் பார்த்தாள்.

"அபோண்டி, நான் சொல்றதக் கேளு…"

"வேணாம்கா." எல்லாரும் அழுகிற சத்தத்தில் அந்தத் தணிந்த குரல் அடோயோவுக்கு மட்டும்தான் கேட்டது. "நாளைலேர்ந்து விடியக்காலைல பிள்ளையத் தூக்க வராதீங்க. நானே பாத்துக்கறேன்."

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அடோயோ எழுந்து கதவருகே போனாள். தட்டக் கை ஓங்கியவள் தட்டாமல் நின்றாள். என்ன சொல்வாள்? என் புருஷன் சாகவில்லை என்றா?

உள்ளே குழந்தை மறுபடியும் அழ ஆரம்பித்தான்.